பாலத்துக் காத்து

ராக்கப்பனுக்குப் புதுப் பாலத்தில் ஒரு தடவையாவது போய் வர வேண்டும். பாம்பனில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து மனுஷன் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். டிவியில் பார்த்தாயிற்று. பேரன் போனில் காட்டிய வீடியோவையும் கண்ணை இடுக்கிப் பார்த்தாயிற்று. பழைய பாலத்தில் சிக்னலைப் பராமரிக்கும் கலாசியாக வேலை பார்த்துத் தலை நரைத்தவருக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? ரயிலில் ஏறிக் கடலைக் கடந்து, பாம்பனில் இறங்கி ஒரு டீ குடித்தால்தான் அவருக்குத் திருப்தி. அதுவும் மகளோடு போய்க் குடிக்க வேண்டும்.

"ஏத்தா லெச்சுமி, ஞாயித்துக்கெழமை காலையில பாசஞ்சர்ல போவமா? நான் கடலாடியில இருந்து பஸ்ஸைப் பிடிச்சு ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு வந்துர்றேன். நீ அங்கன வந்துரு" என்று போன் போட்டார்.

"வாரேன்யா" என்று முருகலட்சுமி சட்டென்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் காலண்டரைப் பார்த்தாள். மாதாமாதம் வயிறு அவளைப் பிழிந்தெடுக்கும் நாட்களில் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது அந்த ஞாயிறு. இன்னொரு நாள் போகலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அந்தக் காரணத்தை அய்யாவிடம் சொல்வதைக் கல்லூரிக் காலத்திலேயே நிறுத்தியிருந்தாள். வலி உயிரைப் பிடுங்கினாலும் அவர் எதிரில் சிரித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள்.

ஒரே ஒரு சொல்தான் காரணம். அது எந்தச் சொல் என்று தெரிய வேண்டுமானால் பழைய பாம்பனுக்குப் போக வேண்டும்.

அவள் வளர்ந்தது பாம்பன் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில். வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை மரம். துவைத்த பாவாடையைக் கொடியில் போட்டால் எடுக்கும்போது உப்புப் பூத்திருக்கும். ரயில் வருவதற்கு முன்பே தண்டவாளம் பாடத் தொடங்கும், அடுப்படியில் டம்ளர் ஆடும். இருளம்மாள், அவளுடைய அம்மா, டம்ளர் ஆடுவதை வைத்தே எந்த ரயில் என்று சொல்லிவிடுவாள். முருகலட்சுமிக்கு இன்றைக்கும் அந்த டம்ளர் சத்தம் கனவில் வரும். விழித்துப் பார்த்தால் ராமநாதபுரம் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்.

அய்யாவின் வேலை பாலத்தில். பாலத்து நடுவே கிண்ணங்கள் வைத்துச் சுற்றும் கருவி ஒன்று உண்டு. காற்றின் வேகம் அளவை மீறினால் அதுவே சிக்னலைச் சிவப்பாக்கிவிடும். ரயில் கரையிலேயே நிற்கும். ஆபீஸில் அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் இருந்தது. குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அது காத்தாடிதான். கடல் காற்று படிய விட்ட உப்பைக் காத்தாடியிலிருந்து துடைத்து, வயரைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் போட்டுவிட்டு அய்யா வீட்டுக்கு வருவார். அவர் சட்டையில் கிரீஸும் கடலும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். அந்த வாசம் வந்தால் போதும், சின்னப் பெண் லட்சுமி புத்தகத்தை வீசிவிட்டு ஓடிப்போய்த் தொங்கிக்கொள்வாள்.

"இன்னைக்கு உங்க மக எப்படி இருக்கா?" என்று இருளம்மாள் கேட்பாள். மகள் என்று அவள் சொல்வது காத்தாடியை.

"அவளுக்கென்ன, ஜோராச் சுத்துறா" என்பார் அய்யா. லட்சுமிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

பாம்பனில் 'காத்து' என்ற சொல்லை வைத்துத்தான் பாதி வாழ்க்கை ஓடியது. வலை போடப் போகலாமா என்றால் காத்தைக் கேட்க வேண்டும். ரயில் வருமா என்றால் காத்தைக் கேட்க வேண்டும். லட்சுமி பெரிய மனுஷி ஆன பிறகு, மாதாமாதம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டபோதும் இருளம்மாளுக்கு அந்தச் சொல்தான் கைக்கு வந்தது.

"வயித்துல காத்து அடைச்சிருக்கு. வேற ஒன்னுமில்ல" என்று ஓமத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாள். பெருங்காயத்தைப் பொரித்து வாயில் போட்டாள். காத்து கலைகிற வழியாக இல்லை. அடுத்த வருடம் அதே காத்துக்கு இன்னொரு அர்த்தம் வந்துவிட்டது. பிள்ளை பாலத்துப் பக்கம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு திரிந்ததில் காத்துக் கருப்பு அண்டிவிட்டதாம். கடலாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அவர் உடுக்கையை அடித்து, வேப்பிலையால் அவள் முகத்தில் நான்கு சாத்துச் சாத்தி, எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டார். காத்து போய்விட்டது என்று சொல்லி ஒரு சேவலையும் வாங்கிக்கொண்டார். சேவல் போனதுதான் மிச்சம்.

என்ன இருந்தாலும் அந்தக் காலத்தை நினைத்தால் முருகலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிடும். ராமநாதபுரத்தில் கல்லூரி. தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்ப வேண்டும். தங்கச்சிமடத்துச் சபியா ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பாள். பெட்டி முழுக்கக் கருவாட்டுக் கூடை, பூக்கூடை, வடக்கத்திய யாத்திரிகர்கள். பாலம் வந்ததும் ரயில் எறும்பாய் ஊரும். கீழே தண்ணீர் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். யாத்திரிகர்கள் காசை எடுத்துக் கடலில் போட்டுக் கும்பிடுவார்கள். தூரத்தில் காக்கிச் சட்டை ஒன்று கை ஆட்டும்.

"ஏ புள்ள, ஒங்க அய்யா!" என்று சபியா கத்துவாள். பெட்டியே எட்டிப் பார்க்கும். லட்சுமிக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாய் வரும்.

வலி வரும் நாட்களில் சபியா எதிர் சீட்டில் இருப்பவர்களை எழுப்பிவிட்டு அவளைப் படுக்க வைப்பாள். தன் துப்பட்டாவைச் சுருட்டி அடிவயிற்றில் வைத்து அமுக்கிக்கொள்ளச் சொல்வாள். "என்ன காத்தோ போ! எங்க வீட்டுல யாருக்கும் இப்புடி அடிக்கலயே" என்று தலையைத் தடவுவாள். அவள் கை பட்டதும் லட்சுமிக்கு அழுகை வந்துவிடும். நம்புகிற ஒரு கை பக்கத்தில் இருந்தால்தான் மனசு விட்டு அழ முடிகிறது.

இரண்டாம் வருடப் பரீட்சை சமயத்தில்தான் அது நடந்தது. அன்றைக்கு வலி முதுகுத் தண்டில் இறங்கித் தொடை வரை இழுத்தது. ஸ்டேஷன் பெஞ்சில் அவள் மடங்கிக் கிடந்தாள். சபியா அன்று வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்ன ராக்கப்பா, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அய்யா சிரித்தபடி சொன்னார்: "ஒன்னுமில்ல சார். பரிச்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிது."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா ரயிலுக்குக் காத்திருப்பவர்களின் சிரிப்பு. அவளுக்கு மட்டும் உள்ளே ஏதோ உடைந்தது.

அந்த ரயிலும் லேசில் கிளம்பவில்லை. சிக்னல் சிவப்பில் நின்றுவிட்டது. ஸ்டேஷனில் ஒரு இலைகூட அசையவில்லை. காத்தும் இல்லை கீத்தும் இல்லை, எதற்கு இந்த நாடகம் என்று பயணிகள் சத்தம் போட்டார்கள். அய்யாவுக்கு வந்ததே கோபம். "இங்கன நின்னுக்கிட்டு காத்து இல்லைன்னு சொன்னா ஆச்சா? அடிக்கிறது பாலத்துல. அது காத்தாடிக்குத்தான் தெரியும். காத்தாடி பொய் சொல்லாது!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெஞ்சில் கிடந்தவளின் காதில் அதுவும் விழுந்தது. அன்றைக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. பரீட்சை ஹாலில் வாந்தி எடுத்தாள். அதோடு அய்யாவிடம் வலி என்று சொல்வதை விட்டாள்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ராமநாதபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த வேல்ராஜுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சரியாகவில்லை. பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளை நிற்கவே பல வருடம் ஆனது. பிறந்த மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வலி அவனோடு போட்டி போட்டு வளர்ந்தது. ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவது முருகலட்சுமியின் வேலை. மணப்பெண்ணின் பருவை அழிப்பாள், மாப்பிள்ளையின் வழுக்கையில் நாலு முடி நடுவாள், முகூர்த்தத்துக்கு வராத சித்தப்பாவை வந்தவராக நிற்க வைப்பாள். அந்த நாட்களில் நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி பிறத்தியார் சிரிப்பை வெளுப்பாக்கிக்கொண்டிருப்பாள்.

கடைசியில் மதுரையில்தான் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்தது. வயிற்றில் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி செய்து, கர்ப்பப்பைக்கு வெளியே ஒட்டி வளர்ந்ததை எல்லாம் எடுத்தார்கள். அய்யாவிடம் ஏதோ சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். அப்பாடா என்று இருந்தது. காத்தும் இல்லை, கருப்பும் இல்லை, நடிப்பும் இல்லை. ஒரு பெயர் கிடைத்ததற்கே அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச காலம்தான் நின்றது. வலி திரும்ப வந்தது. ஸ்கேன் எடுத்தால் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வேல்ராஜ் கெட்டவர் இல்லை, ஆனாலும் ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்: "எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே லெச்சுமி, இன்னும் எங்கன வலிக்குது?"

அன்றிலிருந்து ஒரு சந்தேகம் அவளையே அரிக்கத் தொடங்கியது. அய்யா அன்றைக்குச் சொன்னதுதான் சரியோ? இத்தனை வருடமும் தனக்கே தெரியாமல் நடித்துக்கொண்டு இருக்கிறோமோ? வலியையாவது மாத்திரை போட்டுத் தள்ளிவிடலாம். தன்னையே தான் நம்பாமல் போவதற்கு எந்தக் கடையில் மாத்திரை கிடைக்கும்?

அந்தச் சந்தேகத்தோடுதான் ராமநாதபுரத்தில் டாக்டர் நஸீராவிடம் போனாள். கீழக்கரைப் பக்கத்துப் பெண். வயதில் சின்னவர், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுபவர். துணைக்கு இருளம்மாளும் வந்து, மகளுக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய திசு மாதிரியே ஒன்னு உங்களுக்கு வெளிய ஒட்டி வளந்துச்சு. அதுவும் மாசாமாசம் கசியும். கசிஞ்சது போக வழி இல்ல. உடம்பு அதைத் திருடன் வந்துட்டான்னு நெனச்சு ஆள் அனுப்பி அடிக்கும். அடிச்ச எடம் புண்ணாட்டம் வீங்கிப் போகும். அதுதான் அழற்சி. அந்த வீக்கத்துல ஊறுறது பக்கத்து நரம்பைச் சீண்டிக்கிட்டே இருக்கும். போதாக்குறைக்கு அந்தத் திசுவுக்குள்ளயே பொடி நரம்பு புதுசா மொளைக்கும். சீண்டுன நரம்பு சும்மா இருக்குமா? அதுவும் தன் பங்குக்குச் சிலதைச் சுரந்து அழற்சியைக் கெளப்பி விடும். இது அதைத் தூண்ட, அது இதைத் தூண்ட, இப்புடியே வருஷக்கணக்கா ஓடுனா தண்டுவடமும் மூளையும் வலிக்கே பழகிப்போகும். சின்னதாத் தொட்டாலும் பெரிய அடின்னு சொல்லும். வளந்ததை ஆபரேஷன்ல எடுக்கலாம். பழகிப்போன நரம்பை எடுக்க முடியாதுக்கா."

"அப்ப என் வலி நெசமா, பொய்யா டாக்டர்?" என்று முருகலட்சுமி கேட்டாள்.

"வலியில பொய் வலின்னு ஒன்னு இல்லவே இல்ல. வலிச்சா வலிதான்."

முருகலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். "எங்கய்யா பாலத்துல காத்தாடியைப் பாத்துக்கிட்டிருந்தாரு. பெரிய புயல் அடிச்சா உடனே போயி வயரைத் தொடைப்பாரு. உப்பேறி வயர் தோல் போயிட்டா, அப்புறம் சும்மா கடல் காத்துக்கே செவப்பு விழுந்துரும்பாரு. அந்த மாதிரியா?"

டாக்டர் நஸீரா பேனாவை வைத்துவிட்டார். "அதேதான்க்கா. புயல் ஓஞ்சிருச்சு, ஆனா வயர் புண்ணாயிப் போச்சு. ரயில் நிக்கிறது என்னமோ நெசம்தான? வயரைத் திட்டி என்ன ஆகப்போகுது. ஆத்தணும். நரம்பு அடங்குறதுக்கு மாத்திரை தாரேன். திசு திரும்ப வளராம இருக்க ஹார்மோன் மாத்திரை. இடுப்புத் தசைக்கு ஃபிசியோதெரபி. மெள்ள மெள்ளத்தான் அடங்கும்."

அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. அய்யாவின் பழைய இரண்டு வாக்கியங்களும் அங்கே வைத்துத்தான் ஒன்றாக ஞாபகம் வந்தன. மகள் நடிக்கிறாள். காத்தாடி பொய் சொல்லாது. இரண்டும் ஒரே பிளாட்பாரத்தில், ஒரே காலையில் சொன்னவை. இதை அவரிடம் கேட்காமல் விடக்கூடாது என்று நினைத்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ நடிக்கவில்லை என்று அவர் வாயால் கேட்க வேண்டும். மற்ற யார் நம்பினாலும் அந்தப் பெஞ்சில் கிடக்கிற பெண் எழுந்திருக்க மாட்டாள்.

இருளம்மாள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளினிக்கை விட்டு இறங்கினாள். அழற்சி அவள் காதில் அலர்ஜியாக விழுந்திருந்தது. மகள் வீட்டில் மறுநாளிலிருந்து நண்டு கிடையாது, இறால் கிடையாது, கருவாட்டுக் குழம்புச் சட்டியை விளக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஒரு வாரம் புடலங்காயைப் பார்த்த வேல்ராஜ், "அத்தை, அலர்ஜி அவளுக்குத்தான? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டே விட்டார். முருகலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாலும் அடிவயிறு வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆடி மாதம். ராக்கப்பன் சலவைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை போல ஸ்டேஷனில் நின்றிருந்தார். எதிரெதிராக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வலி காலையிலேயே தொடங்கிவிட்டது. உச்சிப்புளி வரை சிரித்துச் சமாளித்தாள். அதற்கு மேல் முடியாமல், பக்கத்து இடம் காலியாக இருந்ததால் பையைத் தலைக்கு வைத்துக் காலை மடக்கிச் சாய்ந்துகொண்டாள்.

"தூக்கமா ஆத்தா?" என்றார் அய்யா. அவள் உம் கொட்டினாள்.

மண்டபத்தில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். வெளியே தென்னை ஓலை அசையாமல் தொங்கியது. யாரோ ஒரு இளவட்டம், "காத்தே இல்ல, எதுக்குய்யா நிப்பாட்டி வச்சிருக்கானுக?" என்று சலித்துக்கொண்டான். அவ்வளவுதான், ராக்கப்பனுக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே தம்பி, இங்கன உக்காந்துக்கிட்டு காத்து இல்லைன்னு எப்புடிச் சொல்லுவ? அடிக்கிறது பாலத்துல. காத்தாடி பொய் சொல்லாது!"

முருகலட்சுமி கண்ணைத் திறந்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே குரல், அதே சொல். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அய்யா" என்றாள். "நானும் அன்னைக்குப் பொய் சொல்லல."

"என்னைக்கு?"

"பரிச்சையன்னைக்கு. பாம்பன் ஸ்டேஷன்ல. நடிக்கிதுன்னு சொன்னீகளே."

படுத்தபடியே சொன்னாள். திசு, வீக்கம், புதுசாக முளைக்கும் நரம்பு, எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகும் ஏன் வலிக்கிறது என்பதற்கு மட்டும் அவள் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வயர்ல உப்பேறிருச்சு" என்றார் ராக்கப்பன், தனக்குத் தானே சொல்வது போல. பிறகு, "இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குதுய்யா."

அவர் தன் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாடியைத் துடைத்துத் துடைத்துக் காய்த்துப்போன கை.

அந்த நேரம் பார்த்து, நின்ற ரயிலில் இரண்டு பையோடு ஏறிய ஒரு அம்மாள் அவர்கள் எதிரே வந்து நின்றார். "எம்மா, எந்திரிச்சு உக்காரும்மா. நல்லாத்தான இருக்க? எடம் குடுக்காம எதுக்கு நடிக்கிற?"

பழக்கம் விடுமா, முருகலட்சுமி சிரித்தபடி எழப் பார்த்தாள். அய்யாவின் கை அவள் தோளை அமுக்கியது.

"நீ படு ஆத்தா." எழுந்து நின்றார். அந்த அம்மாளைப் பார்த்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எம் மக நடிக்கலம்மா. அதுக்கு வலிக்குது. சின்னப் பிள்ளையில இருந்து வலிக்குது. எனக்குத்தான் தெரியல. நீங்க என் எடத்துல உக்காருங்க."

அந்த அம்மாள் திகைத்துப்போய் உட்கார்ந்தார். ராக்கப்பன் போகிற வருகிறவர்கள் மகளின் தலையில் இடித்துவிடாமல், இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சட்டை அவள் முகத்துக்கு அருகில் இருந்தது. சோப்பு வாசம்தான் அடித்தது. முருகலட்சுமி அழுதாள், யாருக்கும் மறைக்காமல்.

சிக்னல் பச்சையாகி ரயில் நகர்ந்தது. புதுப் பாலத்தில் ஏறியது. ஜன்னலில் கடல் வந்தது, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். பெட்டியில் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ராக்கப்பன் திரும்பவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாம்பன் ஸ்டேஷன் பலகை தெரிந்த பிறகுதான், "அட, பாலம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.